கந்தையும் காந்தாவும்

கந்தை என்னும் சொல்லை வறுமையின் அடையாளமாகவே நாம் பழகிவிட்டோம். கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியிலும் அது இல்லாதவன் உடைதான். இதன் வடமொழி மூலமாகிய ‘கந்தா’ கிழிந்த துணிகளை இணைத்துத் தைத்த போர்வையைக் குறிப்பது. துறவிகளோடு தொடர்புபட்ட அச்சொல் வங்கத்தில் ‘காந்தா’ என்றாகி, பிறக்கவிருக்கும் பிள்ளைக்குப் பாட்டியும் தாயும் தைத்து வைக்கும் விரிப்பையும் குறிக்கலாயிற்று. துறவிக்கும் தொட்டிலுக்கும் ஒரே சொல்!

காந்தாவுக்குப் புதுத்துணி ஆகாது. பல ஆண்டுகள் உடுத்தித் துவைத்து நைந்த பருத்திச் சேலைகளும் வேட்டிகளுமே அதற்கு உரியவை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கமின்றி நீவி, ஓரங்களை மடித்துத் தைத்து, இடையிடையே நெடுந்தையல் போட்டு அடுக்குகள் நகராதபடி நிறுத்துவார்கள். பிறகு நடுவில் தாமரை, மூலைகளில் மாங்காய் வடிவங்கள். எஞ்சிய வெளி முழுவதையும் வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் நிரப்பும். அத்தையலின் நெருக்கத்தால் துணியில் நீரலை போன்ற மடிப்பு எழுகிறது. சிவப்பும் நீலமுமான வண்ண நூல்கூடப் பழஞ்சேலைக் கரைகளிலிருந்து இழை இழையாக உருவப்பட்டதே. பிஞ்சு உடம்பை உறுத்தாத மென்மை பழந்துணிக்கே உண்டு. நம் வீட்டுத் தூளியும் பழஞ்சேலைதானே.

காந்தா முடியத் தாமதமாவதைத் தைப்பவளின் சோம்பலாகக் கொள்வது பிழை. சேலை நைய வேண்டும், கரை நூல் சேர வேண்டும். சமையலும் வயல்வேலையும் விட்டுவைத்த நண்பகல்களில், பெரும்பாலும் மழைக்காலத்தில், ஊசியை எடுக்க வேண்டும். சித்திரவேலை மிகுந்த ‘நக்ஷி காந்தா’ ஒன்று முடிய மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆனதுண்டு. தாய் தொடங்கியதை மகள் முடித்ததும் உண்டு. அப்படி முடிந்தது யார் கைவேலை என்று கேட்டால் என்ன விடை சொல்வது?

பெரும்பாலானவற்றில் தைத்தவள் பெயர் இல்லை. விதிவிலக்குகளில் புகழ்பெற்றது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தன் தந்தைக்காகத் தைத்துத் தன் பெயரையும் அதிலேயே பொறித்த காந்தா. குருசதய் தத் (1882–1941) என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி ஊரூராகத் திரட்டிய நாட்டார் கலைப்பொருட்களோடு அது கொல்கத்தாவை அடுத்த ஜோகாவின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்தவை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தை அடைந்தன. ஆயின் இத்தொகுப்புகளைக் கொண்டே காந்தாவின் வரலாற்றை எழுதுவதில் ஓர் ஓரவஞ்சனை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பெட்டியில் மடித்து வைத்துப் போற்றியவையே பெரிதும் அங்கு வந்து சேர்ந்தன. பிள்ளை நனைத்து, நாள்தோறும் துவைத்து, வெயிலில் காய்ந்து தேய்ந்தவை வரவில்லை. எண்ணிக்கையில் மிகுந்தவை அவையாகவே இருந்திருக்கும்.

இலக்கியமும் தொட்டில் விரிப்பைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜசிமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த ஷாஜு தன் வாழ்வையே காந்தாவில் தைத்து, அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லி இறக்கிறாள். நக்ஷி காந்தா என்ற பெயர் பரவ இந்நூலே முதன்மைக் காரணம் என்பர். சாவுக்கு விரித்த காந்தா காவியமாயிற்று. பிறப்புக்கு விரித்ததைப் பாட ஆளில்லை.

1971இன் போருக்குப் பின் வங்கதேசத்தில் தொண்டு நிறுவனங்கள் இக்கலையை ஏழைப் பெண்களின் வருவாய்க்கு வழியாக்கின. புதுத்துணி வந்தது, கடை நூல் வந்தது, குறித்த நாளில் முடித்துத் தர வேண்டிய கட்டாயமும் வந்தது. அவ்வருவாயால் அடுப்பெரிந்த வீடுகளை எண்ணினால் இதைக் குறைகூற மனம் வராது. எனினும் துணி நைவதற்குக் காத்திருந்த காலம், அதனால் விளைந்த மென்மை, இரண்டும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

பிள்ளை வளர்ந்தபின் நைந்த காந்தாவை எறிந்துவிடுவதில்லை. அடுத்துத் தைக்கும் காந்தாவின் உள்ளடுக்காக அதை வைத்து மேலும் கீழும் வேறு சேலை போர்த்துவார்கள். காட்சியகங்களில் கிடைக்காத தொட்டில் விரிப்புகள் சில, இப்படி ஏதேனும் ஒரு கனத்த போர்வைக்குள் இன்னும் இருக்கக்கூடும்.