எதிர்வினைத் திறன்: பெயரும் கடமையும் விலையும்

ஒரு பொருளுக்கு மாந்தர் காலந்தோறும் இட்ட பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அப்பொருளை அவர்கள் மதித்த வரலாறும் உடன் தெரியவரும். மின்பொறியியலில் இதற்குத் தக்க சான்று எதிர்வினைத் திறன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பொறியாளர்கள் அதனோடு தொடர்புடைய ஓட்டத்தை ‘வாட் இல்லாத மின்னோட்டம்’ என்று அழைத்தனர். வேலை செய்யாத ஓட்டம் என்பதே அப்பெயரின் கருத்து. இவ்வாறு இன்மையால் பெயர் பெற்ற ஒன்றை, இன்று மின்கட்டமைப்பை நடத்துவோர் ஒப்பந்தம் எழுதிக் கொள்முதல் செய்கின்றனர். இம்மாற்றம் நேர்ந்த வழியைச் சுருக்கமாகக் காண்போம்.

முதற்கண் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் மோட்டாரும் மின்மாற்றியும் தம் சுருள்களில் காந்தப்புலத்தை எழுப்ப ஆற்றலைப் பெறுகின்றன. புலம் அடங்கும்போது அதைத் திருப்பித் தருகின்றன. 50 ஹெர்ட்ஸ் கட்டமைப்பில் இக்கொடுக்கல் வாங்கல் நொடிக்கு 100 முறை நிகழ்கிறது. கணக்கு முடிவில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆயினும் இத்திறன் குறைந்தால் மின்னழுத்தம் தாழும், மிகுந்தால் உயரும். தொல்காப்பியர் இடைச்சொற்களுள் ‘இசைநிறை’ என்றொரு வகையைக் கூறினார். அது தனக்கெனப் பொருள் தாராது. ஆனால் செய்யுளின் ஓசையை நிறைத்து நிற்கும். எதிர்வினைத் திறனை மின்கட்டமைப்பின் இசைநிறை எனலாம்.

1893ஆம் ஆண்டு சிக்காகோவில் நடைபெற்ற அனைத்துலக மின் மாநாட்டில், சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தைச் சிக்கலெண்களால் கணக்கிடும் முறையை விளக்கினார். வேலை செய்யும் கூறும் செய்யாத கூறும் ஒரே எண்ணின் இரு பகுதிகளாக நின்றன. 1930இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம், ருமேனியப் பொறியாளர் கான்ஸ்டன்டின் புதேயானுவின் முன்மொழிவை ஏற்று, இதன் அலகுக்கு ‘வார்’ என்னும் பெயரை வழங்கியது. எதிர்மறைப் பெயர் நீங்கி, அளந்து சொல்லத்தக்க பெயர் நிலைபெற்றது.

பெயர் வந்தபின்பும் விலை உடனே வரவில்லை. மின்னாக்கமும் கடத்தலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில், தன் வீட்டுக் கிணற்று நீருக்கு எவரும் விலை எழுதாததுபோல இதுவும் உள்கணக்காகவே இருந்தது. மிகுதியாக உறிஞ்சிய வாடிக்கையாளரிடம் மட்டும் தண்டம் பெறப்பட்டது. மலேசியாவில் தொழிற்சாலைகளின் திறன் காரணி 0.85க்குக் கீழே இறங்கினால் கூடுதல் கட்டணம் விதிக்கும் வழக்கம் நம்மில் பலர் அறிந்ததே.

1990இல் பிரிட்டனில் மின்துறை பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது இந்நிலை மாறியது. ஆக்குவோர் வேறு, கட்டமைப்பை நடத்துவோர் வேறு என்றானபின், கேட்பதற்கும் கொடுப்பதற்கும் கணக்கு தேவைப்பட்டது. 1996இல் அமெரிக்கக் கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தன் 888ஆம் ஆணையில் ஆறு துணைச் சேவைகளை வரையறுத்து, அவற்றுள் ஒன்றாக இதனையும் சேர்த்தது. ‘சேவை’ என்ற சொல் விழுந்ததும், கூலி எவ்வளவு என்ற வினாவும் எழுந்தது.

இங்கே ஓர் இயற்கைத் தடை உண்டு. எதிர்வினைத் திறன் நெடுந்தொலைவு செல்லாது. தேவைப்படும் இடத்திற்கு அருகிலேயே கிடைத்தாக வேண்டும். அங்கு ஒரே ஒரு மின்நிலையம் இருப்பின் அதுவே தனி வணிகன். ஆகவே பிரிட்டன், கடமையையும் விலையையும் இணைத்தது. பெரிய மின்னாக்கிகள் குறித்த வரம்புக்குள் இத்திறனைத் தந்தே ஆகவேண்டும். அதற்குச் சூத்திரத்தின்படி பணம் கிடைக்கும். கடமைக்கு மேற்பட்டதற்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஏலமும் அழைக்கப்பட்டது. காலப்போக்கில் அவ்வேலத்திற்கு எவரும் வாராதொழிந்தனர்.

கவனக் குறைவின் விலையை 2003 ஆகஸ்ட் 14 காட்டியது. அன்று வட ஒஹாயோவில் எதிர்வினைத் திறன் இருப்பு மெலிந்திருந்தது. ஈஸ்ட்லேக் நிலையத்தின் ஐந்தாம் அலகில் அதனைக் கூட்ட முயன்றபோது, பிற்பகல் 1.31 மணிக்கு அவ்வலகே நின்றுபோயிற்று. பின்னர்க் கம்பிகள் மரங்களைத் தொட்டது முதலிய பிற பிழைகளும் சேர, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர்.

இன்று பல இடங்களில் மறுதலைச் சிக்கல் நிலவுகிறது. நிலக்கரி நிலையங்கள் மூடப்பட, குறைந்த சுமையில் கிடக்கும் நெடுங்கம்பிகளே இத்திறனை ஆக்கி மின்னழுத்தத்தை உயர்த்துகின்றன. இங்கிலாந்தின் மெர்சி ஆற்றங்கரையில் பிட்லர்ஸ் பெரி நிலையம் 2020 மார்ச்சில் மூடப்பட்டது. அதே ஆண்டு அப்பகுதிக்கென நடந்த போட்டிக் கொள்முதலில், ஒரு மின்தூண்டியும் ஒரு மின்கல நிலையமும் 2022 ஏப்ரல் தொடங்கி ஒன்பது ஆண்டுகளுக்குத் தேர்வாயின. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதற்கு அடக்க முடியாத மிகை மின்னழுத்தம் முதன்மையான காரணமாயிற்று. அங்குக் காற்று, சூரிய நிலையங்கள் மாறாத திறன் காரணியிலேயே இயங்கின. மின்னழுத்தத்தைப் பார்த்து ஈடுகொடுக்கும் பொறுப்பு அவற்றுக்கு இல்லை. அவ்வாண்டு ஜூனில் அவ்விதி திருத்தப்பட்டது.

இதற்கிடையே 2024 அக்டோபரில் அதே அமெரிக்க ஆணையம், இயல்பான வரம்புக்குள் தரப்படும் எதிர்வினைத் திறனுக்குத் தனி ஊதியம் வேண்டா, அது கட்டமைப்பில் இணைவோரின் கடமை என முடிவு செய்தது. பிரிட்டன் கூலி கொடுக்கும் பணியை அமெரிக்கா கடமை என்கிறது. இரண்டுக்கும் காரணம் உண்டு. கட்டமைப்பில் பங்குகொள்வோர் யாவரும் குறைந்த அளவு கடமையாற்றுவது முறை. அதற்கு மேல் ஓர் ஊருக்கென்று கருவி நிறுவுவோருக்கு நெடுங்கால ஒப்பந்தமும் விலையும் வேண்டும் என்பதே நாம் இவ்வரலாற்றில் காணும் பாடம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறி முடிப்போம். வகுப்பறையில் இத்திறனை ‘வீண் திறன்’ என்று சொல்லிக் கடப்பது எளிது. வீண் என்று கற்றவர், பின்னாளில் கட்டமைப்பைத் திட்டமிடும் இடத்தில் அமர்ந்தால், முதலில் வெட்டும் செலவும் அதுவாகவே இருக்கும். மெய்த்திறன், எதிர்வினைத் திறன் என இரண்டையும் ஒருங்கே கற்பிப்போம். இசைநிறை நீங்கிய செய்யுளில் ஓசை மட்டுமே கெடும். இது நீங்கிய கட்டமைப்பில் நாடே இருளும்.