முதல் கித்தார் வாங்குகிறீர்களா? பெட்டியின் அளவை முதலில் பாருங்கள்

பிள்ளைக்குக் கித்தார் வாங்கப் போகும் பெற்றோர் பலர் விலையையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். பெட்டியின் அளவைக் கவனிப்பதில்லை. தோள் வலிக்கிறது, கை எட்டவில்லை என்று சில மாதங்களிலேயே பிள்ளை கித்தாரை மூலையில் சாய்த்துவிட இதுவும் ஒரு காரணம்.

ஒலி பிறக்கும் இடம்

தந்தி தனியாக எழுப்பும் சத்தம் மிகக் குறைவு. அதன் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போகிறது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள அந்தப் பலகைதான் காற்றை அசைத்து ஒலியைப் பெருக்குகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் துளை வழியாக அசைந்து கீழ்ச்சுரங்களுக்கு வலு சேர்க்கிறது. எனவே பெட்டி பெரிதானால் பேஸ் ஒலி கனக்கும். சிறிதானால் பேஸ் குறையும்; ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே தெளிவாகக் கேட்கும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

டிரெட்நாட்: கடைகளில் அதிகம் தொங்குவது இதுதான். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் பாஸ்டன் நகர டிட்சன் நிறுவனத்துக்காக இதைச் செய்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. அகலம் சுமார் 40 சென்டிமீட்டர், ஆழம் 12 சென்டிமீட்டர். பலர் சேர்ந்து பாடும்போது தாளமாக வாசிக்க ஏற்றது.

ஓ.எம்: 1929-இல் வந்தது. அகலம் 38 சென்டிமீட்டர், ஆழமும் குறைவு, இடுப்பு ஒடுங்கியிருப்பதால் மடியில் நன்றாக உட்காரும். விரல்களால் மீட்டவும் தாளத்துக்கும் பொருந்தும்.

பார்லர்: 34 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. வீட்டில் தனியே வாசிக்கப் போதும்.

கிளாசிக்கல்: 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் இதற்கு இன்றைய வடிவம் தந்தார். நைலான் தந்தி விரலை அதிகம் உறுத்தாது. ஆனால் கழுத்தின் அகலம் நட் பக்கத்தில் சுமார் 52 மில்லிமீட்டர். எஃகுத் தந்தி கித்தாரில் 43 அல்லது 44 மட்டுமே. சிறு கைகளுக்கு அரை, முக்கால் அளவுகளும் உண்டு.

பலகையும் ஈரப்பதமும்

மேல்பலகை முழு மரமாக இருந்தால் தாராளமாக அதிரும். ஸ்புரூஸ் மரம் பளிச்சென்றும், சிடார் மரம் இதமாகவும் ஒலிக்கும். பிளைவுட் பலகையில் ஒலி சற்று அடங்கியிருக்கும். ஆனால் ஈரத்தைத் தாங்கும். முழு மரக் கித்தாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் நல்லது. நம் ஊர்களில் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே இருக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் மேல்பலகை உப்பி, தந்தி உயர்ந்து, அழுத்தக் கடினமாகும். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையுடன் வைப்பது நல்லது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லக் கூடாது. சூட்டில் பசை இளகிவிடும்.

உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

வாசிப்பவரையே கடைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, வலக்கையைப் பெட்டியின் மேல் போடட்டும். தோள் தூக்கிக்கொண்டால் பெட்டி பெரிது. இதில் அகலத்தைவிட ஆழமே அதிகம் தொல்லை தரும். அடுத்து, இடக்கை கழுத்தின் நுனிவரை சிரமமின்றி எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தந்தி நீளம் குறைந்தால் இழுவிசையும் குறையும். விரல் வலியும் குறையும். தந்தி மிக உயரமாக இருந்தால் கடையிலேயே இறக்கித் தரச் சொல்லலாம்.

பெரிய பெட்டிக்குச் சத்தம் உண்டு. ஆனால் பழகும் பிள்ளைக்கு முதலில் தேவை, தினமும் அரைமணி நேரம் வலியின்றி மடியில் வைத்திருக்கக்கூடிய கித்தார்தான்.