ஆல்கொண்டமால் கோயிலும் நம் பனியன் ஊரும்



உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில் உங்களில் பலருக்குத் தெரியும். பொங்கலை ஒட்டி மூன்று நாள் திருவிழா. மாட்டுப் பொங்கலன்று கறந்த பாலை விற்க மாட்டார்கள். சாமிக்குக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மாடு கன்று நோய் நொடியில்லாமல் பெருக, மண் உருவாரம் வைத்து வேண்டிக்கொள்வார்கள்.

அன்றைக்குப் பிறக்கும் கன்றைச் சாமிக்கு நேர்ந்து விடுவார்கள். அதுதான் சலகெருது. மார்கழி இரவுகளில் உருமி முழங்க, நீளக் கழிகளைக் காட்டி அதை ஆடப் பழக்குவார்கள். பொங்கலுக்குக் கோயிலுக்கு அழைத்து வருவார்கள்.

மாட்டுக்கு ஏன் இத்தனை மரியாதை? நம் பூமி மழை குறைந்தது. ஆழக் கிணற்றில் கவலை பூட்டி எருதுகள் இழுத்தால்தான் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் கம்போடியா பருத்தி விளைந்தது. பருத்தியால் ஆலைகள் வந்தன, நூல் வந்தது, பின்னலாடை வளர்ந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மெல்ல மெல்லக் கவலை போய் மோட்டார் வந்தது. அடுத்து டிராக்டர். பட்டிகள் சுருங்கின, தோட்டத்துப் பிள்ளைகள் கம்பெனிக்குப் போனார்கள்.

2009-இல் உடுமலையும் திருப்பூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆக, பனியனும் சலகெருதும் இன்று ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள்!

ஆனால் மாடே இல்லாத ஊரில் மாட்டுப் பொங்கலன்று கன்று எப்படிப் பிறக்கும்? கன்று இல்லாமல் சலகெருது ஏது?

வரும் பொங்கல் லீவில் குழந்தைகளை அங்கே ஒருமுறை அழைத்துப் போங்கள். இடம் இருப்பவர்கள் ஒரு மாடாவது கட்டுங்கள்.