மாவோரி இசையில் பழமையும் புதுமையும்

ஓர் இனத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் அவ்வினத்தாரின் அரசையும் போரையும் ஆராய்வதோடு அமைதல் போதாது. அவர்தம் பாட்டையும் ஆராய்தல் வேண்டும். எழுத்து வழக்கில்லாத மக்களிடையே பாட்டே ஏடாகவும் சாசனமாகவும் விளங்குதலின், அங்கே இசையின் வரலாறு மக்களின் வரலாறேயாகும். நியூசீலாந்தின் பழங்குடியினராகிய மாவோரி மக்கள் இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாவர். மேனாட்டு இசை புகுந்தபின் அவர்தம் பழைய இசை அதனோடு கலந்து வாழ்ந்ததா, கலந்து அழிந்ததா என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிழக்குப் பொலினீசியத் தீவுகளினின்றும் கடல் கடந்து வந்த மாவோரியர் ஏறத்தாழப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நியூசீலாந்திற் குடியேறினர். குலமுறை, நில எல்லை, முன்னோர் புகழ், இறந்தார்க்கு இரங்கல் ஆகிய யாவற்றையும் அவர்கள் 'மோத்தேயாத்தேயா' என்னும் பாடல்களிற் பொதிந்து வைத்தனர். இப்பாடல்களின் சுரங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. மேனாட்டாரின் அரைச்சுரத்தினும் நுண்ணிய இடைவெளிகள் அவற்றில் உள. பலர் கூடி ஒரே குரலிற் பாடுவர்; ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றையோர் தொடர்ந்து பாடி ஓசை அறாது காப்பர். பாட்டு இடையில் முறிதலைத் தீநிமித்தமாகக் கருதினர்.

அவர்தம் இசைக்கருவிகள் 'தாவோங்கா பூவோரோ' எனப்படும். எலும்பினாலும் மரத்தினாலும் ஆகிய 'கோவாவு' என்னும் சிறு குழல், சங்கினாலாகிய 'பூத்தாத்தாரா', நீண்ட மரக்கொம்பாகிய 'பூக்காயேயா' என்பன அவற்றுட் சில. பண்ணை வான் தந்தையின் கொடையென்றும், தாளத்தை நிலமகளின் கொடையென்றும் கொண்டனர். இவற்றுள் 'பூத்தோரினோ' என்னும் கருவி மாவோரியர்க்கே தனியுரியது. கூடுகட்டி அதனுள்ளே வாழும் ஒருவகை அந்துப்பூச்சியின் கூட்டைப் போன்ற வடிவினது அது. நுனியில் வாய்வைத்துக் கொம்புபோல் ஊதின் ஆண்குரலும், நடுவிலுள்ள துளையிற் குழல்போல் ஊதின் பெண்குரலும் தரும். குழலிசைத் தெய்வமாகிய ஹினே ரவுகத்தவுரி அப்பூச்சியின் வடிவிலே கூட்டினுள் உறைகின்றாள் என்பது அவர்தம் நம்பிக்கை.

1769 ஆம் ஆண்டிற் கப்பற்றலைவர் குக் இந்நாட்டை அடைந்தார். 1814 ஆம் ஆண்டிற் பாதிரிமார் வந்தனர். 1840 ஆம் ஆண்டில் வைத்தாங்கி உடன்படிக்கை எழுந்தது. பின்னர் மூண்ட போர்களாலும் நிலப்பறிப்பாலும் நோய்களாலும் மாவோரியர் பெரிதும் நலிந்தனர். 1896 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்தம் சனத்தொகை ஏறத்தாழ 42,000 ஆகக் குறைந்திருந்தது. பாதிரிமார் கற்பித்த தோத்திரப் பாடல்களை மக்கள் விரும்பிப் பாடினர். அவற்றின் வழியே மேனாட்டுச் சுரவரிசையும் பல்குரல் இசைப்பும் அவர்தம் செவியிற் பதிந்தன. பழைய குழல்களோ படிப்படியாக வாய்மூடின. அவற்றுட் பல நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிகளுட் காட்சிப் பொருளாயின.

இந்நிலையிலே தோன்றியவர் அப்பிரானா ஙாத்தா என்னும் பெரியார் (1874–1950). நியூசீலாந்துச் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்ற முதல் மாவோரியர் இவரே. நாடெங்கணும் சிதறிக்கிடந்த பழம் பாடல்களை அரிதின் முயன்று தேடித் தொகுத்தார். அத்தொகுப்பின் முதற் பகுதி 1928 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் பழமையைக் காத்த அவரே, மேனாட்டு மெட்டுக்களுக்கு மாவோரிச் சொற்களை அமைத்துக் கையசைவுகளோடு பாடும் 'வையாத்தா ஆ ரிங்கா' என்னும் புதிய பாடல் வகையையும் ஊக்கி வளர்த்தார். இதனை முரண்பாடென்று கருதுதல் தவறாகும். முதியோர் உள்ளத்தில் உள்ளதை ஏட்டிற் காத்தல் ஒரு பணி. இளையோர் நாவில் மொழியை நிலைநிறுத்தல் மற்றொரு பணி. இரண்டும் வேண்டுமென்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இப்புதிய பாடல்கள் இன்பப் பொழுதுபோக்காக மட்டும் அமைந்தனவல்ல. வைக்காத்தோ நாட்டுத் தலைவியாகிய தே புவேயா 1920களிலே ஓர் இசைக்குழுவை அமைத்து, ஊரூராகச் சென்று பாடிப் பொருளீட்டித் தம் மக்களுக்கு மன்றம் எடுக்க முயன்றார். இரண்டாம் மகாயுத்தத்திற்கு இளைஞர் புறப்பட்ட போது தூயினி ஙாவாய் என்னும் பெண்பாற் புலவர், அமெரிக்கர் ஒருவரின் காதற்பாட்டு மெட்டிலே, அவர்களைக் காக்குமாறு இறைவனை வேண்டும் பாடலொன்றை இயற்றினார். மெட்டு இரவல், துயரமோ சொந்தம். இன்று அப்பாடலைக் கேட்போர் மெட்டின் பிறப்பிடத்தை எண்ணார்.

ஆயினும் இக்கலப்பினால் இழப்பே இல்லையென்று கூறல் உண்மையாகாது. கிற்றாரின் சுரங்களுக்குப் பழகிய செவி மோத்தேயாத்தேயாவின் நுண்சுரங்களைப் பற்றிக்கொள்ள இயலாது தடுமாறியது. 1958 ஆம் ஆண்டு தொடங்கி ஊரூராகச் சென்று பழம் பாடல்களை ஒலிப்பதிவு செய்த மேர்வின் மக்லீன் என்னும் அறிஞர், அவற்றை அறிந்த முதியோர் அருகி வருதலைக் கண்டார். 1945 அளவில் மாவோரியருள் நாலில் ஒரு பங்கினரே நகரங்களில் வாழ்ந்தனர். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கினர் நகரவாசிகளாயினர். ஊர் மன்றத்தைப் பிரிந்த பிள்ளைகள் மொழியையும் பிரிந்தனர். பள்ளியிலே தாய்மொழி பேசித் தண்டனை பெற்ற பெற்றோர் அதனைத் தம் மக்களுக்குக் கற்பிக்கத் தயங்கினர்.

1972 ஆம் ஆண்டில், மாவோரி மொழியைப் பள்ளிகளிற் கற்பிக்குமாறு கோரி முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் பாராளுமன்றத்திற் கையளிக்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டில் மொழிவழிப் பாலர் பள்ளி முதன்முதல் தொடங்கியது. அதே ஆண்டில் பாத்தியா என்னும் சிற்றூரின் இறைச்சி பதனிடும் தொழிற்சாலை மூடப்பட, மக்கள் பலர் வேலையிழந்தனர். அவ்வூரவரான இசைவாணர் டல்வானியஸ் பிறைம், தூயினி ஙாவாயின் மருமகளாகிய ஙோய் பேஃபைராங்கி என்னும் புலவரை நாடிச் சென்றார். இளையோர் விரும்பும் இசையின் வாயிலாகவே அவர்க்கு மொழியை ஊட்டல் வேண்டுமென இருவரும் துணிந்தனர். பழைய 'போய்' ஆட்டத்தின் அசைவும், மின்னியக்க இசைக்கருவிகளின் தாளமும், முழுதும் மாவோரியான சொற்களும் கூடிப் 'போய் ஏ' என்னும் பாடல் பிறந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் ஏற்க மறுத்தமையால் டல்வானியஸ் தாமே வெளியிட்டார். 1984 ஆம் ஆண்டில் அது நாட்டின் விற்பனை வரிசையிலே முதலிடம் பெற்று நான்கு வாரம் அவ்விடத்தில் நின்றது. பாடியவர்கள் வேலையிழந்த அவ்வூரின் மக்களே. மூன்றாண்டு கழித்து, 1987 இல், மாவோரி மொழி அரசகரும மொழியாயிற்று.

பாடலின் மொழி இவ்வாறு மீள, கருவிகளின் குரலும் மீண்டது. வைக்காத்தோச் சர்வகலாசாலை ஆசிரியரும் பாடலாசிரியருமான ஹிரினி மெல்பேண் (1949–2003), ஐரோப்பிய மரபினரான றிச்சாட் நண்ஸ் (1945–2021), செதுக்குக் கலைஞர் பிறையன் பிளின்ரொவ் ஆகிய மூவரும் நூதனசாலைகளில் உறங்கிய கருவிகளை எடுத்து ஆராய்ந்தனர்; முதியோரின் நினைவிலே எஞ்சியிருந்த துணுக்குகளைக் கேட்டறிந்தனர்; புதிய கருவிகளைச் செய்து ஊதினர். 1994 ஆம் ஆண்டில் ஹிரினியும் நண்ஸும் வெளியிட்ட 'தே கூ தே ஃபே' என்னும் ஒலித்தொகுப்பு இம்மறுமலர்ச்சியின் மைல்கல்லாகும். பூத்தோரினோவின் இருகுரலும் பின்னர் மேனாட்டுக் கச்சேரி மேடையிலும் ஒலித்தன. ஜில்லியன் வைற்ஹெட் என்னும் இசையமைப்பாளர் மேனாட்டுப் புல்லாங்குழலையும் மாவோரிக் கருவிகளையும் இணைத்து, ஹினே ரவுகத்தவுரியின் பெயராலேயே ஓர் இசையாக்கம் செய்தார்.

1999 ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த உலகக் கிண்ண றக்பிப் போட்டியிலே ஹினேவேஹி மோஹி என்னும் பாடகி நாட்டுப்பண்ணை மாவோரி மொழியில் மட்டும் பாடினார். தாய்நாட்டிற் பலர் சினந்தனர். எனினும் இரு மொழியிலும் பாடுதலே பின்னர் வழக்காயிற்று. 2016 ஆம் ஆண்டில் இளைஞர் குழுவொன்று, 1864 இல் நிகழ்ந்த புக்கேஹினாஹினாப் போரினை மாவோரி மொழியிற் பேரிரைச்சல் கொண்ட நவீன இசையிற் பாடி உலகின் கவனத்தை ஈர்த்தது. முன்னோர் செயலைப் பாட்டிற் பொதிதல் மோத்தேயாத்தேயாவின் தொழிலன்றோ? கருவி மாறினும் தொழில் மாறவில்லை.

இதுகாறும் கூறியவற்றால் எடுத்த வினாவிற்கு விடை ஒருவாறு புலனாகும். தோத்திரப் பாடல்கள் பரவிய காலத்திற் கலப்பு மாவோரியரின் குழலை வாய்மூடச் செய்தது. பாத்தியாவிலே அக்கலப்பே அவர்தம் மொழியை வாழவைத்தது. வேறுபாடு கலப்பில் இல்லை. கலப்பவர் யார், எதனை விடாது பற்றிக்கொண்டு கலக்கின்றார் என்பதிலேயே உளது. சொல்லைத் தம் கையில் வைத்துக்கொண்டு மெட்டை இரவல் பெற்ற போதெல்லாம் அவர்கள் வாழ்ந்தனர். சொல்லும் நழுவிய போது மெட்டு அவர்களைக் காக்கவில்லை. அன்றியும், ஙாத்தாவும் மக்லீனும் தொகுத்துக் காவாதிருந்தால், பின்வந்தோர் புதுமையோடு கலப்பதற்குப் பழமையென ஒன்று எஞ்சியிராது. காத்தலும் படைத்தலும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதே மாவோரி இசை வரலாறு கற்கும் மாணவர்க்கு உணர்த்தும் உண்மையாகும்.