நேர்த்தையலின் நெடுவாழ்வு: குவில்ட் கலைஞர்களும் பழைய தையல் இயந்திரங்களும்

மேல்துணி, நடுவே பஞ்சு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூன்றையும் ஊடுருவும் தையலால் பிணைத்துச் செய்யப்படும் போர்வை குவில்ட் எனப்படுகிறது. அதன் மேல்துணி பெரும்பாலும் சதுரம், முக்கோணம், சாய்சதுரம் என வெட்டப்பட்ட துண்டுகளைக் கணக்குப்படி இணைத்த ஒட்டுவேலையாக அமையும். இவ்வகைப் போர்வைகளைத் தைக்கும் அமெரிக்க, பிரிட்டானியக் கலைஞர்களுள் பலர், நூற்றுக்கணக்கான தையல் வகைகளைத் தரும் கணினி இயந்திரங்கள் கடைகளில் கிடைக்கும் இக்காலத்திலும், 1930களிலோ 1950களிலோ, சில வேளைகளில் அதற்கும் வெகு முன்போ செய்யப்பட்ட, நேர்த்தையலைத் தவிர வேறெதுவும் போடாத இயந்திரங்களைத் தேடி வாங்கி, எண்ணெயிட்டுச் சீராக்கி, அன்றாட வேலைக்குப் பயன்படுத்திவருகின்றனர். பழமையின் மீதுள்ள பாசம் இதற்கு ஒரு காரணம்தான் என்றாலும், அது முதன்மைக் காரணம் ஆகாது. தையல் இயந்திரத் தொழில் ஒரு கட்டத்தில் நேர்த்தையலைக் கைவிட்டு வேறு திசையில் சென்றதும், அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து நேர்த்தையலையே முதன்மைத் தேவையாகக் கொண்ட ஒரு கலை மறுமலர்ச்சி பெற்றதுமே இவ்வழக்கத்தை உருவாக்கின என்பதை வரலாறு காட்டுகிறது.

எலியாஸ் ஹோவ் 1846 செப்டம்பர் 10 அன்று பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, நுனியில் துளையுள்ள ஊசியையும் கீழ்நூலைக் கடத்தும் நாடாவையும் இணைத்துப் பூட்டுத் தையல் போடும் முறைக்கு உரியது. மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் தையலே பூட்டுத் தையல். ஒரே நூலால் வளையம் வளையமாகப் போடப்படும் சங்கிலித் தையலைப் போல, முனையை இழுத்தவுடன் அது உருவிக்கொண்டு வருவதில்லை. ஆயினும் ஹோவின் இயந்திரத்தில் துணியை ஒரு தகட்டின் முட்களில் மாட்டித் தொங்கவிட வேண்டியிருந்ததால், தகட்டின் நீளம் முடிந்ததும் தையலை நிறுத்தித் துணியை மீண்டும் மாட்ட நேர்ந்தது. 1851இல் ஐசக் மெரிட் சிங்கர் பெற்ற காப்புரிமையில் ஊசி செங்குத்தாக இறங்கியது. துணி கிடைமட்ட மேசையில் கிடந்தது. மேலிருந்து ஒரு பாதம் அதை அழுத்திப் பிடித்தது. ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்ற நான்கு அசைவு நகர்த்தியோ, துணிக்கு அடியில் மேலெழுந்து, முன்சென்று, தாழ்ந்து, பின்வரும் பற்களால் துணியை ஒவ்வொரு தையலுக்கும் ஒரே அளவு நகர்த்தியது. இன்றைய இயந்திரங்களிலும் துணி இம்முறையில்தான் நகர்கிறது. இக்காப்புரிமைகளின் உரிமையாளர்கள் ஒருவர்மீது ஒருவர் தொடுத்த வழக்குகள் 1856இல் ஒரு கூட்டுக் காப்புரிமை உடன்பாட்டில் முடிந்தன. 1877இல் கடைசி அடிப்படைக் காப்புரிமையும் காலாவதியானபின் புதிய நிறுவனங்கள் பெருகி, விலை சரிந்தது.

விலை சரிவதற்கு முன்பே இயந்திரம் குடும்பங்களுக்குள் நுழைந்துவிட்டது. 1850களில் அதன் விலை நூறு டாலரை ஒட்டியிருந்தது; ஒரு சராசரிக் குடும்பத்தால் அதனை ஒரே தவணையில் செலுத்த இயலாது. சிங்கரின் தொழிற்கூட்டாளியும் வழக்கறிஞருமான எட்வர்ட் கிளார்க் 1856இல் கொண்டுவந்த தவணைமுறை விற்பனையே இந்தத் தடையை உடைத்தது. அக்காலத்துக் குவில்ட்களில் குறிப்பிடத்தக்க ஓர் இயல்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் கையால் தைக்கக்கூடிய இடங்களிலும், ஓரப்பட்டையிலும், துணிமேல் துணி வைத்துத் தைக்கும் அலங்காரத்திலும், இயந்திரத் தையல் வெளிப்படையாகத் தெரியும்படி, சில வேளைகளில் மாறுபட்ட நிற நூலால், போடப்பட்டிருக்கிறது. வீட்டில் இயந்திரம் இருப்பது பெருமைக்குரியதாக இருந்த காலம் அது. குவில்ட் என்றாலே கைத்தையல்தான் என்ற கருத்து பிற்காலத்தது என்பதற்கு இப்போர்வைகளே சான்றாகின்றன.

அக்கருத்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலுப்பெற்றது. குடியேற்றக் காலத்து வாழ்வை எளிமையின் பொற்காலமாகக் கண்ட மனப்போக்கு பரவியபோது, நுண்ணிய கைத்தையல் குவில்ட்டின் தரத்துக்கு அளவுகோலானது. 1933இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் ரோபக் நிறுவனம் நடத்திய தேசியக் குவில்ட் போட்டிக்கு 24,000க்கும் மேற்பட்ட போர்வைகள் வந்தன. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே முதற்பரிசாக 1,000 டாலர் அறிவிக்கப்பட்டிருந்தது. நடுவர்கள் போற்றியது தேர்ந்த கைவேலையையே. அதே கண்காட்சியில்தான் சிங்கர் நிறுவனத்தின் 221ஆம் மாதிரி, அதாவது பின்னாளில் குவில்ட் கலைஞர்களின் இயந்திரம் என்றே பெயர்பெறப்போகும் ஃபெதர்வெயிட், மக்கள் பார்வைக்கு வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்பது இவ்வரலாற்றில் நின்று கவனிக்கத்தக்கது. சிறிய வீடுகளில் குடியிருந்து உடைகளைத் தைப்போருக்கென விற்கப்பட்ட அந்த இயந்திரம் அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. மடக்கக்கூடிய பலகையுடன் ஒரு சிறு கருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். வார்ப்பிரும்பால் ஆன அக்காலத்து இயந்திரத் தலைகளோ பத்துக் கிலோவைத் தாண்டியவை.

இவ்வியந்திரங்கள் ஒட்டுவேலைக்கு ஏன் பொருந்துகின்றன என்பதை அறிய, அவ்வேலை எதைக் கோருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒட்டுவேலையில் தையலுக்கும் துணியின் விளிம்புக்கும் இடையே விடப்படும் அகலம் கால் அங்குலம் என்பது மரபு. 12 துண்டுகளை வரிசையாக இணைக்கும்போது 11 தையல்கள் விழும். கால் அங்குலத்தைவிட அங்குலத்தின் 32இல் ஒரு பங்கு மட்டும் கூடுதலாக உள்ளே தைத்தால், ஒவ்வொரு தையலிலும் இருபுறத் துண்டுகளும் அந்த அளவை இழக்கும். வரிசை முடியும்போது அங்குலத்தின் 16இல் 11 பங்கு, அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்றே குறைவாக, நீளம் சுருங்கியிருக்கும். அடுத்த வரிசையின் மூலைகளோடு இதன் மூலைகள் பொருந்தா. நட்சத்திரத்தின் கூர்முனைகள் மழுங்கும். சட்டையிலோ பாவாடையிலோ பிழையாகவே எண்ணப்படாத ஒரு மயிரிழை விலகல் இங்கே முழு வடிவத்தையும் குலைத்துவிடுகிறது.

நேர்த்தையல் இயந்திரத்தின் ஊசித் தட்டில், ஊசி புகும் அளவுக்கு மட்டுமே ஒரு சிறு வட்டத் துளை இருக்கும். ஊசி துணியைக் குத்தி இறங்கும்போது துணியும் அதனுடன் கீழே அமுங்க இடமில்லாததால், தையல் வளையாமல் நேராக விழுகிறது. ஊசி பக்கவாட்டிலும் அசைந்து வளைவுநெளிவுத் தையல் போடும் இயந்திரத்திலோ, அந்த அசைவுக்கு இடம்கொடுக்க 5 முதல் 9 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள நீள்துளை தேவைப்படுகிறது. முக்கோணத் துண்டின் கூர்முனையைத் தைக்கத் தொடங்கும்போது துணி அந்தத் துளைக்குள் இழுபட்டுச் சிக்கிக்கொள்வதைக் குவில்ட் தைப்போர் அனைவரும் அறிவர். பழைய இயந்திரத்தில் பற்கள் துளையை நெருங்கி இருப்பதாலும், பாதம் குறுகலாக இருப்பதாலும், முனை நழுவாமல் நகர்கிறது. புதிய இயந்திரங்கள் பலவற்றிலும் வட்டத் துளைத் தட்டை மாற்றிப் பொருத்த முடியும் என்பதையும் சொல்ல வேண்டும்; ஆனால் புதியதில் மாற்றிப் பொருத்திப் பெற வேண்டிய நிலை, பழையதில் இயல்பாகவே இருக்கிறது. ஃபெதர்வெயிட்டின் பாதத்தில் ஊசியிலிருந்து வலது விளிம்புவரை உள்ள தொலைவு ஏறத்தாழக் கால் அங்குலம் என்பதால், துணியின் விளிம்பைப் பாதத்தின் விளிம்போடு ஒட்டிச் செலுத்துவதே போதுமான வழிகாட்டியாகிவிடுகிறது.

இந்த இயந்திரங்களைத் தொழில்துறை கைவிட்ட கதை இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்குகிறது. ஜப்பானிய உற்பத்தியாளர்கள் சிங்கரின் 15ஆம் வகுப்பு இயந்திரத்தைப் பொது வடிவமாக ஏற்று, எந்தத் தொழிற்சாலையில் செய்த உறுப்பும் மற்றொன்றின் இயந்திரத்தில் பொருந்தும்படி அளவுகளைத் தரப்படுத்தி, நீலம், இளஞ்சிவப்பு, பச்சை வண்ணங்களில் பூசி, எண்ணற்ற வணிகப் பெயர்களில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தனர். மற்றொரு பக்கம் இத்தாலியின் நெக்கியும் சுவிட்சர்லாந்தின் எல்னா, பெர்னினா ஆகியவையும் வளைவுநெளிவுத் தையலைக் குடும்ப இயந்திரத்துக்குக் கொண்டுவந்தன. பொத்தான் துளையும் விளிம்புக் கட்டும் அலங்காரமும் ஒரே இயந்திரத்தில் கிடைத்தபின், நேர்த்தையல் மட்டும் போடுவது குறைபாடாகத் தோன்றத் தொடங்கியது. சிங்கர் 1952இல் வெளியிட்ட 301, நேர்த்தையல் இயந்திரத்தின் கடைசிச் சிறந்த வடிவங்களுள் ஒன்று. அதன்பின் அந்நிறுவனமும் போட்டியாளர்களின் வழியில் சென்றது. 1960களில் விலையைக் குறைக்கவும் ஓசையைத் தணிக்கவும் உலோகப் பற்சக்கரங்களின் இடத்தில் நைலான் பற்சக்கரங்கள் வந்தன. அவை பத்திருபது ஆண்டுகளில் வெடித்துத் தூளாவது பின்னர் தெரியவந்தது. ஃபெதர்வெயிட்டின் உற்பத்தி 1960களின் இறுதியோடு நின்றது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலை 1980இலும், நியூ ஜெர்சியின் எலிசபெத் தொழிற்சாலை 1982இலும் மூடப்பட்டன.

தொழிற்சாலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் குவில்ட் கலை மீண்டெழுந்தது. 1971இல் ஜொனாதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் தொகுத்த குவில்ட்கள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போல் சுவரில் தொங்கவிடப்பட்டன. 1976இல் அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு விழா அந்த ஆர்வத்தை ஊர்தோறும் பரப்பியது. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உடைத் தயாரிப்புக்கென வெளியிட்ட சுழல்கத்தி, பல அடுக்குத் துணியை அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பில் வெட்டித் தந்தது. நீளப் பட்டைகளாக வெட்டி, இணைத்து, மீண்டும் குறுக்கே வெட்டும் விரைவு முறைகள் பரவ இதுவே வழிவகுத்தது. இம்முறைகளில் தையல் முழுவதும் நேர்கோடு. அதுவும் அடிக்கணக்கில் நீளும் நேர்கோடு. வகுப்புகளுக்கும் சங்கக் கூட்டங்களுக்கும் இயந்திரத்தைத் தூக்கிச் செல்ல வேண்டிய தேவையும் உடன் எழுந்தது. எடை குறைந்ததும் நேர்த்தையலில் நிகரற்றதுமான ஃபெதர்வெயிட் இந்த இரண்டு தேவைகளுக்கும் ஏற்கெனவே ஆயத்தமாய்ப் பழம்பொருள் கடைகளில் காத்திருந்தது. 1989இல் பதூக்கா நகரின் அமெரிக்கக் குவில்ட் கலைஞர் சங்கக் கண்காட்சியில் கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் இயந்திரத் தையல் குவில்ட் முதன்மை விருதைப் பெற்றபோது, எதிர்ப்புகள் எழுந்தாலும், இயந்திரத்தின் மீதிருந்த தயக்கம் பெருமளவு நீங்கியது. 1992இல் நான்சி ஜான்சன்-ஸ்ரெப்ரோ ஃபெதர்வெயிட்டைப் பற்றித் தனி நூல் எழுதும் அளவுக்கு அதன் புகழ் வளர்ந்திருந்தது.

இயந்திரம் எளிதில் கிடைப்பது ஒன்று, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது இயங்குவது வேறொன்று. இங்கேதான் இவற்றின் மிகப் பெரிய சிறப்பு இருப்பதாகத் தோன்றுகிறது. இவற்றோடு வந்த கையேடுகள், எந்தெந்தத் துளையில் எண்ணெய் விட வேண்டும், மேல்நூலின் இறுக்கத்தைத் தரும் வட்டுகளை எவ்வாறு பிரித்துக் கோக்க வேண்டும், பாபின் கூட்டின் சிறு திருகை எந்த அளவு திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் உடைமையாளருக்கே கற்பித்தன. பழுது நீக்கும் அறிவு கடைக்காரரிடம் மட்டும் பூட்டப்பட்டிருக்கவில்லை. பல்லாண்டு பரணில் கிடந்து இறுகிப்போன இயந்திரம் பெரும்பாலும் உடைந்த இயந்திரம் அன்று. காய்ந்து பிசினான எண்ணெயைக் கரைத்து, நகர்த்தும் பற்களுக்கு இடையே திரண்ட பஞ்சுத் தும்பை நீக்கினால் சக்கரம் சுழன்றுவிடும். 15, 66, 201, 221 ஆகிய மாதிரிகள் அனைத்தும் ஒரே வகை ஊசியை ஏற்பதும், அவ்வூசியே இன்றைய குடும்ப இயந்திரங்களிலும் வழங்குவதும், பாபின்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுவதும் தரப்படுத்தலின் பயன்கள். போட்டியாளர்கள் சிங்கரைப் படியெடுத்தது அந்நிறுவனத்தின் சந்தையைக் குறைத்தது. அதன் இயந்திரங்களின் ஆயுளையோ நீட்டித்தது.

மின்சாரம் இல்லாமல் மிதியால் இயங்கும் இயந்திரங்களும் இவ்வழக்கில் இடம்பெறுகின்றன. பொது மின்னிணைப்பைத் தவிர்க்கும் ஆமிஷ் சமயத்தவர் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் மிதி இயந்திரத்தில் துண்டுகளை இணைத்து, அடுக்குகளைக் கையால் பிணைத்துச் செய்த குவில்ட்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. தமிழ் வாசகருக்கும் இவ்வகை இயந்திரம் அந்நியமானதன்று. 1877 முதல் இலங்கையில் சிங்கர் நிறுவனம் வணிகம் செய்துவந்துள்ளது. 1930களில் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட உஷா நிறுவனத்தின் கருநிற இயந்திரங்களும் அந்த மரபில் வந்தவையே. தமிழ்நாட்டுத் தையற்கடைகளில் அவை பிழைப்புக்கான கருவியாக நீடிக்க, அமெரிக்காவில் விருப்பக் கலையின் கருவியாக மறுவாழ்வு பெற்றன.

இவற்றின் எல்லைகளும் தெளிவானவை. ஃபெதர்வெயிட்டின் ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் இடையேயுள்ள இடைவெளி மிகக் குறுகியது என்பதால், இரட்டைக் கட்டில் அளவுள்ள குவில்ட்டைச் சுருட்டி அதற்குள் நுழைத்து மூன்று அடுக்கையும் பிணைப்பது கடினம். 1940களுக்கு முந்தைய மின்கம்பிகளின் ரப்பர் உறை வெடித்து உதிர்வது உண்டு. அதை மாற்றாமல் மின்னிணைப்புக் கொடுப்பது ஆபத்தானது. பலரும் துண்டுகளை இணைக்கும் வேலையைப் பழைய இயந்திரத்தில் முடித்துவிட்டு, அடுக்குகளைப் பிணைக்கும் வேலையைச் சட்டத்தில் பொருத்திய நீள்கை இயந்திரம் வைத்திருப்போரிடம் கூலிக்குக் கொடுப்பது இப்போது வழக்கமாகியுள்ளது. அதனால் 1950இல் வார்க்கப்பட்ட ஓர் இயந்திரமும் கணினி வழிநடத்தும் ஓர் இயந்திரமும் ஒரே போர்வையில் தையலிடுகின்றன.