ஜீப் டேஷ்போர்டு: விரிசலும் கொஞ்சம் வரலாறும்

கம்பம் பள்ளத்தாக்குல ஜீப்னா அது வெறும் வண்டி இல்ல மக்களே. விடியறதுக்கு முன்னாடி கம்பம், கூடலூர், போடி பக்கத்து ஊர்கள்ல இருந்து ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்புற சனம், முக்காவாசி பொம்பளைங்க, ஜீப்ல ஏறித்தான் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா இடுக்கி மலைக்குப் போகுது. சாயங்காலம் அதே ஜீப்ல இறக்கம். மதுரைல இருந்து போடிக்கு 1928லயே ரயில் வந்துருச்சு. ஆனா தண்டவாளம் மலையடிவாரத்தோட நின்னு போச்சு. அதுக்கு மேல ரோடுதான் கதி.

அந்த ஜீப்புகள்ல பழசு ஏதாச்சும் பட்டறைல நின்னா, உள்ள எட்டிப் பாருங்க. ஸ்டியரிங் தண்டு போற இடத்துக்குப் பக்கத்துலயோ, மீட்டர் ஓட்டையைச் சுத்தியோ டேஷ்போர்டு தகரத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியிருக்கும். இந்தப் பதிவு அந்த விரிசலைப் பத்தித்தான். (பட்டி டிங்கரிங் மேட்டர்தானேன்னு ஓடிடாதீங்க :-) )

முதல்ல பேரு. டேஷ்போர்டுங்கிற சொல் காருக்கு முந்தியே பொறந்தது. குதிரை வண்டில குதிரைக் குளம்பு வாரியடிக்கிற சேறு, வண்டிக்காரர் மேல தெறிக்காம இருக்க முன்னால ஒரு பலகையோ தோலோ வச்சு மறைப்பாங்க. தெறிக்கிறதைத் தடுக்குற பலகை, அவ்வளவுதான். கார் வந்ததும் குதிரை போச்சு, பலகை மட்டும் மிஞ்சுச்சு. 1901ல அமெரிக்காவுல வந்த ஓல்ட்ஸ்மொபைல் காரோட பேரே 'வளைஞ்ச டேஷ்' தான். முன்பக்கம் அந்தப் பலகை சறுக்குவண்டி மாதிரி வளைஞ்சிருக்கும். அப்புறம் இன்ஜின் முன்னாடி வர, சும்மா நின்ன பலகைல மீட்டரை எல்லாம் கொண்டு வந்து மாட்டிட்டாங்க.

ரெண்டாம் உலகப்போர் ஜீப்புக்கு வருவோம். 1941ல இருந்து 1945 வரைக்கும் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சு தள்ளினாங்க. அதோட டேஷ்போர்டு ஒரே ஒரு மடிச்ச தகரம். அஞ்சு மீட்டர்: வேகம், பெட்ரோல், ஆயில் பிரஷர், ஆம்பியர், சூடு. பக்கத்துல ரிவெட் அடிச்ச தகவல் தகடுகள். மெத்தை, பூச்சு எதுவும் கிடையாது. நம்ம நாட்டுல 1945ல மகேந்திரா & முகமதுன்னு ஆரம்பிச்ச கம்பெனி (1948ல மகேந்திரா & மகேந்திரா ஆச்சு) நாற்பதுகளோட கடைசில பம்பாய்ல வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சது. மலைக்குத் தோதான வண்டி நம்ம பக்கம் வந்து சேர்ந்த கதை அதுதான்.

சரி, தகரம் ஏன் கிழியுது? வெயில் காரணம் இல்ல. ஆட்டம்தான். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கிட்டே இருந்தா ஒடியுதுல்ல, அதே சங்கதி. மேட்டு ரோட்டுல, கொண்டை ஊசி வளைவுல, அளவுக்கு மிஞ்சின ஆளுங்களோட தினம் ஏறி இறங்குனா பாடி முறுக்கிக்குது. ஸ்டியரிங் தண்டைப் பிடிக்கிற பிராக்கெட், டேஷ்போர்டைப் பிடிச்சு ஆட்டுது. ஓட்டை எங்க இருக்கோ அங்கதான் அழுத்தம் போய்ச் சேரும், விரிசலும் அங்கதான் ஆரம்பிக்கும்.

இதைச் சரி பண்ண பழைய பட்டறை முறை ஒண்ணு இருக்கு. விரிசல் மேல மண்ணெண்ணெய் தடவி, நல்லாத் துடைச்சுட்டு, சாக்பீஸ் பொடியைத் தடவணும். உள்ள இறங்குன எண்ணெய் கசிஞ்சு வந்து, கண்ணுக்குத் தெரியாத நுனி எங்க முடியுதுன்னு கோடு போட்டுக் காட்டிடும். அந்த நுனில சின்னதா ஒரு துளை போட்டா விரிசல் அதுக்கு மேல ஓடாது. ஏன்னா கூர்மையான நுனிலதான் அழுத்தம் குவியும், வட்டமான ஓரத்துல பரவிடும். அப்புறம் மீட்டரு, வயரு எல்லாத்தையும் கழட்டி, மண்ணெண்ணெயை மிச்சமில்லாம துடைச்சு, பேட்டரியையும் பிரிச்சுட்டு, விட்டு விட்டுச் சின்னச் சின்னதா வெல்டிங் வைக்கணும். ஒரே இழுப்பா இழுத்தா தகரம் சூட்டுல நெளிஞ்சிடும். பின்பக்கம் ஒரு ஒட்டுத் தகடு. பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல இருக்குற ரப்பரை மாத்தாம விட்டீங்கன்னா, இத்தனையும் பண்ணி முடிச்சு கொஞ்ச நாள்லயே பக்கத்துல புது விரிசல் வரும். வெல்டிங் வைக்காம வெறும் பட்டி போட்டு மறைக்கிறது? பெயிண்ட் காயறதுக்குள்ள கோடு தெரிஞ்சிடும்.

இதெல்லாம் தகரத்துக்கு. பின்னாடி வந்த கார்கள்ல விரிசல் வேற ஜாதி. அதுக்கும் ஒரு வரலாறு உண்டு. தகர டேஷ்போர்டுல முட்டி மண்டையும் முழங்காலும் உடைஞ்சு செத்தவங்க ஏராளம். 1948 டக்கர் கார்ல டேஷ்போர்டுக்கு மெத்தை வச்சாங்க. 1956ல ஃபோர்டு தன்னோட கார்ல கூடுதல் காசுக்கு மெத்தை வச்சுக் கொடுத்தது. 1965ல ரால்ஃப் நேடர் கார் கம்பெனிகளைக் கிழிச்சு ஒரு புத்தகம் போட்டார். 1966ல அமெரிக்காவுல வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968ல இருந்து உள்பக்கம் மோதினா அடி தாங்குற மாதிரி இருக்கணும்னு விதியும் வந்துச்சு. பஞ்சு மாதிரி நுரை, மேல வினைல் தோல்ங்கிறது அப்படித்தான் ஊர் உலகமெல்லாம் பரவுச்சு.

அந்த வினைலை வளைய வைக்கிறதே அதுல கலக்குற எண்ணெய் மாதிரி ஒரு பொருள்தான். வெயில்ல நிறுத்துன கார்ல டேஷ்போர்டு மேல்பக்கம் 70 டிகிரி வரைக்கும் சூடாகும். அந்த எண்ணெய் மெல்ல ஆவியாகி, கண்ணாடி உள்பக்கம் வழவழன்னு படியும். எண்ணெய் போன தோல் சுருங்கும், வறண்ட கண்மாய் மாதிரி வெடிக்கும். இதுல எம்-சீல் வச்சு அடைச்சா நிக்காது. அது கல்லு மாதிரி இறுகிடும், தோலும் நுரையும் வெயிலுக்கு விரிஞ்சு சுருங்கும், ரெண்டுக்கும் ஒத்துப்போகாம ஓரத்துல பிளக்கும். வளையக்கூடிய பூச்சு போட்டுத் தேய்க்கணும், இல்லன்னா குஷன் கடைல கொடுத்து மேல புது ரெக்சின் ஒட்டணும்.

இப்ப நிஜமான சிக்கலுக்கு வரேன். 2021 ஜூலைல மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கு விதி கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டின வண்டியா இருக்கணும், சேஸ், பாடி, இன்ஜின் எதுலயும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது, வாடகைக்கு ஓட்டக்கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர்ல வி.ஏ.ன்னு தனி எழுத்து. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மலை ஏறிப் பொழைச்ச ஜீப் இந்தச் சல்லடைல தேறுமா? பெட்ரோல் கட்டுப்படியாகாம டீசல் இன்ஜின் ஏத்தின வண்டிக்கு அந்த மாற்றமே தடை.

அந்த மாற்றம் எழுதியிருக்கிற இடமும் டேஷ்போர்டுதான். டீசலுக்கு மாத்தினப்ப ஹீட்டர் சுவிட்சுக்குப் போட்ட துளை. வண்டியை நிறுத்த இழுக்குற ஸ்டாப் கேபிளுக்கு இன்னொரு துளை. சோக் இருந்த இடம் காலி. மைல் கணக்குல இருக்கிற மீட்டர், நாம கிலோமீட்டருக்கு மாறினதுக்கு முந்தின காலத்தைச் சொல்லும். நடுவுல சாமி படம் ஒட்டின தடம். 'ஒரிஜினலா ஆக்குறேன்'னு அத்தனை துளையையும் அடைச்சுப் பளபளன்னு பெயிண்ட் அடிச்சா, 1940கள்ல ஃபேக்டரி விட்ட கோலம் திரும்பி வரும். அதுக்கப்புறம் இந்தப் பள்ளத்தாக்குல அது பாத்த வேலை மொத்தமும் அழிஞ்சிடும்.

என் கட்சி இதுதான்: விரிசல் நோய், அதைக் குணப்படுத்தணும். துளை தழும்பு, அதை விட்டு வைக்கலாம். பட்டறைல விடுறதுக்கு முன்னாடி நாலு போட்டோ எடுங்க, தகவல் தகடு நம்பரை எழுதி வைங்க, ரிவெட்டைப் பதமா எடுத்துத் தகட்டைப் பத்திரப்படுத்துங்க.

டிஸ்கி: பழமை பழமைன்னு சொல்லிட்டு, இன்னமும் ஆள் ஏத்துற வண்டில மொட்டைத் தகர விளிம்பை முழங்காலுக்கு நேரா விட்டுடாதீங்க. காட்சிக்கு நிக்கிற ஜீப்புக்கு அழகு போதும். தோட்டத்துக்குப் போற அக்காக்கள் நெருக்கியடிச்சு உக்கார்ற வண்டிக்கு, விளிம்புல ஒரு ரப்பர் பட்டையும் அளவோட ஆள் ஏத்துற டிரைவரும் வேணும்.