கிணற்றுப் படியும் புர்கினியும்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் வழியில் இருக்கிறது திருவெள்ளறை. அங்கே ஸ்வஸ்திக வடிவில் ஒரு கிணறு. பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800 வாக்கில் கம்பன் அரையன் என்பவர் வெட்டியது. நான்கு பக்கமும் படிகள் வளைந்து இறங்குவதால், ஒரு துறையில் குளிப்பவர் மற்ற துறையில் இருப்பவர் கண்ணில் பட மாட்டார்!

ஆக, மறைவாக நீரில் இறங்க விரும்புவது ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. இங்கே கல் செய்த வேலையை, 2004-ல் சிட்னியில் துணி செய்தது.

லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர் அஹெடா ஸனெட்டி. நெட்பால் ஆடிய உறவுக்காரச் சிறுமி, ஹிஜாபோடும் அடுக்கடுக்கான துணியோடும் திண்டாடுவதைப் பார்த்தார். முதலில் அவளுக்கேற்ற விளையாட்டு உடை, பிறகு 'புர்கினி' என்ற நீச்சல் உடை என உருவாக்கினார்.

உடை வந்தாலும் மைதானம் உடனே திறக்கவில்லை. கழுத்தில் சிக்கினால் ஆபத்து என்று கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2007-ல் ஹிஜாபுக்குத் தடை போட்டது. 2011-ல் இரான் பெண்கள் அணி, ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் ஆட முடியாமல் திரும்பியது. 2014-ல்தான் தடை நீங்கியது. கூடைப்பந்தில் 2017 வரை ஆனது. அதே ஆண்டு நைக் நிறுவனம் விளையாட்டு ஹிஜாபை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

சந்தை பிறந்துவிட்டது. ஆனால் இந்த உடையைத் தைப்பது யார்?

1990-களில் இதே நைக், குறைந்த கூலிக்காகக் கடும் கண்டனத்தைச் சந்தித்தது. அதன் காலணிகள் தயாரான நாடுகளில் ஒன்று, உலகிலேயே முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வாங்குபவர்கள் கேள்வி கேட்ட பிறகே, 1998-ல் அதன் தலைவர் ஃபில் நைட் சீர்திருத்தங்களை அறிவித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? திருச்சிக்குப் பக்கத்து மாவட்டம் திண்டுக்கல். 2021 ஜனவரியில் அங்கே ஆடை ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. வெளிநாட்டு அமைப்புகளும் துணை நின்றன. விளைவு, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், எச் அண்ட் எம் ஆகியவை கையெழுத்திட்டன. தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று, பாலியல் தொல்லையைக் கண்காணிக்கவும் புகார் செய்யவும் வழி பிறந்தது.

உடுத்துபவளின் மானத்தைக் காக்கும் துணி, தைப்பவளின் மானத்தையும் காக்க வேண்டாமா? கடையில் அளவும் விலையும் பார்க்கிறோம். எந்த ஆலையில் தைத்தது, அங்கே சங்கம் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாமல் கடைக்காரர் விழிக்கலாம். இருந்தாலும் கேளுங்கள். நிறுவனங்கள் மாறியதெல்லாம் இப்படிக் கேட்ட பிறகுதான்!